ரெகோலினி-கலாஸ்ஸி கல்லறை: உள்ள படுத்திருந்தது பொண்ணுன்னு எப்படி முடிவு பண்ணாங்க?

1836 ஏப்ரல். ரோமுக்கு வடமேற்கே ஒரு நாப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கற செர்வேத்தெரி ஊர்ல, சோர்போங்கற பழைய இடுகாட்டுல, ரெகோலினின்னு ஒரு பாதிரியாரும் கலாஸ்ஸின்னு ஒரு ஜெனரலும் சேர்ந்து ஒரு மண்மேட்டைத் தோண்டறாங்க. அந்தக் காலத்துல தோண்டறதுன்னா இப்ப மாதிரி பிரஷ் வச்சு தூசி தட்டி அங்குலம் அங்குலமா இறங்கறது கிடையாது, கூலிக்கு ஆளை விட்டு உடைச்சு உள்ள போய் கெடைச்சதை அள்ளிட்டு வர்றதுதான். மேட்டோட ஓரத்துல இருந்த அறைங்களை எல்லாம் எப்பவோ திருடனுங்க காலி பண்ணிட்டுப் போயிருந்தாங்க. நடுவுல இருந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சிருந்துச்சு, ஏன்னா முதல்ல போட்ட சின்ன மேட்டுக்கு மேல பின்னாடி வந்த தலைமுறை இன்னும் பெருசா மண்ணைக் குவிச்சு சுத்தி புது அறைங்க கட்டிட்டாங்க, பழசு உள்ளயே அமுங்கிப் போச்சு, திருடனுக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல. இன்னைக்கு அதுக்கு தோண்டினவங்க பேரே நிலைச்சிடுச்சு, ரெகோலினி-கலாஸ்ஸி கல்லறை. கிமு 675-லேர்ந்து 650-க்குள்ள மூடின கல்லறைன்னு கணக்கு. ரோம் பெருசாகறதுக்கு முன்னாடி மத்திய இத்தாலில செழிச்சிருந்த ஜனங்கதான் எட்ருஸ்கன். எட்ருஸ்கன் பொண்ணுங்க புதைகுழில என்னென்ன வச்சாங்கன்னு யார் பேச ஆரம்பிச்சாலும் இங்க வந்துதான் நிப்பாங்க, அதனால நானும் இதையே கேஸா எடுத்துக்கறேன்.

கல்லறையோட அமைப்பு ரொம்ப சிக்கல் இல்ல. கிட்டத்தட்ட 37 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஒடுங்கின நடை. கீழ்ப்பாதி எரிமலைச் சாம்பல் இறுகின மென்கல்லைக் குடைஞ்சது, மேல்பாதி கல்லு அடுக்கினது, ரெண்டு பக்கச் சுவரும் மேல போகப் போக உள்பக்கமா நெருங்கி உச்சில கிட்டத்தட்ட ஒட்டிக்கும். நடைக்கு ரெண்டு பக்கமும் முட்டை வடிவத்துல ரெண்டு குட்டி அறை. கடைசில ஒரு உள்ளறை. இந்த உள்ளறைலதான் தங்கம்.

தங்கம்னா சும்மா ரெண்டு வளையல் ஒரு சங்கிலி இல்ல. ஒரு அடி நீளத்துக்குக் கிட்ட வர்ற ஒரு ஊக்கு, ஆமா ஊக்குதான், சால்வையோ மேலங்கியோ தோள்ல நழுவாம குத்தி வைக்கற சாமான். மேல வட்டத் தகட்டுல அஞ்சு சிங்கம் நடந்து போகுது, கீழ வளைஞ்ச பகுதில வரிசை வரிசையா குட்டி குட்டி வாத்து உக்காந்திருக்கு, ஒவ்வொண்ணும் தனியா செஞ்சு பொருத்தினது. அப்புறம் மார்பை முழுசா மூடற மாதிரி ஒரு தங்கத் தகடு, அதுல சின்ன சின்ன அச்சா மிருகங்களும் சிறகு வச்ச உருவங்களும் அடிச்சு வரிசை வரிசையா நிரப்பியிருக்காங்க, விரல் வைக்க காலி இடம் கிடையாது. கைக்கு ஒரு ஜோடி அகலமான காப்பு, அதுல பெண் உருவங்க. தங்கத்துல பதிச்ச அம்பர் (மரப்பிசின் இறுகிக் கல்லானது) தொங்கட்டான் போட்ட மாலை. துணில தைக்கறதுக்குன்னு செஞ்ச மெல்லிய தங்கத் துண்டுங்க வேற, துணி மக்கிப் போச்சு, துண்டுங்க மட்டும் மிச்சம். பக்கத்துல வெள்ளிக் கிண்ணம், வெள்ளிக் குவளைன்னு ஒரு செட், அதுல சிலதுல எழுத்து வெட்டியிருக்கு. அந்த எழுத்துக்கு பின்னால வரேன், முழு சண்டையும் அதுலதான் இருக்கு.

முன்னறைல, அதாவது உள்ளறைக்கு முன்னாடி வர்ற நடைல, இருந்தது வேற ரகம். வெண்கலத்துல பட்டை பின்னின ஒரு கட்டில். நாலு சக்கர வண்டி ஒண்ணு, ரெண்டு சக்கரத் தேர் ஒண்ணு. சுவரோரமா அடிச்சு உருவம் எழுப்பின வெண்கலக் கேடயங்க, சண்டைக்குத் தூக்கிட்டுப் போனா ஒரு குத்துல கிழிஞ்சிடும் அவ்ளோ மெல்லிசு, பகட்டுக்குன்னு செஞ்சது. ஒரு வெண்கல சிம்மாசனம். மிருகத் தலைங்க வெளிய எட்டிப் பாக்கற பெரிய அண்டாங்க. கறி சுடற கம்பி, அடுப்புல கட்டை தாங்கற இரும்பு. கருப்பு மண்ணுல செஞ்ச, ஒப்பாரி வைக்கற மாதிரி நிக்கற சின்னச் சின்ன பொம்மைங்க முப்பது சொச்சம். பக்கத்துக் குட்டி அறை ஒண்ணுல எரிச்ச சாம்பலோட ஒரு பானை.

இதையெல்லாம் போப்பரசோட கவர்மென்ட் வாங்கிடுச்சு, அடுத்த வருஷமே, 1837-ல, பதினாறாம் கிரிகோரி போப் பேர்ல வாடிகன்ல எட்ருஸ்கன் மியூசியம் திறந்தாங்க. இன்னைக்கும் அங்கதான் இருக்கு.

இப்ப கேஸுக்கு வருவோம். உள்ளறைல படுத்திருந்த ஆளோட எலும்பு இன்னைக்கு கையில இல்ல. எந்தப் பொருள் எந்த மூலைல, எதுக்கு மேல எது இருந்துச்சுன்னு தோண்டும்போது ஒழுங்கா யாரும் எழுதி வைக்கல. அதுக்கப்புறம் சில வருஷத்துல வரைஞ்சு வெளியிட்ட படங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல, ஒருத்தர் படத்துல இங்க இருக்கறது இன்னொருத்தர் படத்துல அங்க இருக்கு. 1947-ல லூயிஜி பரேத்தி உக்காந்து பழைய லிஸ்ட், கடிதம், படம் எல்லாத்தையும் ஒப்பிட்டு ஒரு பெரிய புத்தகமே போட்டார், அதுக்கு அப்புறமும் இந்தக் கல்லறைல மொத்தம் ரெண்டு பேரா மூணு பேராங்கற கேள்வி முடியல. அப்ப அந்த தங்கத்தோட கிடந்தது பொண்ணுன்னு எதை வச்சு சொல்றாங்க? நகையை வச்சு. அவ்ளோதான். ஆரம்பத்துல அந்த மார்புத் தகட்டைப் பார்த்துட்டு இது பெரிய பூசாரியோடதுன்னு சொன்னவங்களும் உண்டு, ராணியோடதுன்னு சொன்னவங்களும் உண்டு. கடைசில ராணி ஜெயிச்சா.

நானும் பொண்ணுன்னுதான் நினைக்கறேன், அதை இப்பவே சொல்லிடறேன். மாலை, காப்பு, உடையில தைச்ச தங்கம், இதெல்லாம் மத்த எட்ருஸ்கன் பெண் புதைகுழிங்களோட சேர்ந்து வருது. ஆனா அந்த முடிவுக்கு வர்ற பாதை எவ்வளவு ஆட்டம் காணுதுன்னு பாக்கணும், ஏன்னா அதே பாதைல போய் இன்னொரு இடத்துல ஊரே பார்க்க கீழ விழுந்தாங்க.

எட்ருஸ்கன் ஆய்வுல ரொம்ப காலமா ஒரு பழக்கம் இருக்கு. கிமு ஒன்பதாம் எட்டாம் நூற்றாண்டுல, வில்லானோவன் காலம்னு சொல்வாங்க, பெரும்பாலும் எரிச்சுட்டு சாம்பலை ஒரு பானைல போட்டு புதைப்பாங்க. பானை மேல ஹெல்மெட் கவுத்திருந்தா ஆம்பளை, கிண்ணம் கவுத்திருந்தா பெரும்பாலும் பொம்பளை. ஊக்கு பாம்பு மாதிரி நெளிஞ்சிருந்தா ஆண், நடுவுல அட்டைப் பூச்சி ரத்தம் குடிச்ச மாதிரி உப்பியிருந்தா பெண். தக்ளி, தக்ளி அடியில மாட்டற மண் குண்டு, நூல் சுத்தற உருளை இருந்தா பெண். கத்தி, ஈட்டி, சவரக்கத்தி இருந்தா ஆண். எரிச்ச எலும்புல ஆணா பெண்ணான்னு பாக்கறது கஷ்டம்ங்கறதால இந்த ரூல் ரொம்ப வசதி. நிறைய இடத்துல சரியாவும் வருது, அதையும் சொல்லணும். சிக்கல் எங்கன்னா, ஈட்டி இருக்கு அதனால ஆண்னு ஆயிரம் குழிக்கு எழுதி வச்சுட்டு, அப்புறம் அந்த ஆயிரத்தையும் எண்ணிப் பார்த்துட்டு, பாருங்க ஈட்டி ஆண் குழிலதான் கெடைக்குதுன்னு சொன்னா அது எப்படி ஆதாரம் ஆகும்? நாமளே உள்ள போட்டதை நாமளே வெளிய எடுக்கறோம். குதிரைக் கடிவாளம் பெண் குழிங்கன்னு உறுதியான இடங்கள்லயும் கெடைச்சிருக்கு, அப்பவும் ரொம்ப நாள் அதை யாரோ வச்ச காணிக்கைன்னு ஓரமா ஒதுக்கிட்டுப் போயிருக்காங்க.

2013 செப்டம்பர்ல தார்குவினியாங்கற இன்னொரு எட்ருஸ்கன் ஊர்ல இது வெடிச்சுது. தோகனாச்சாங்கற இடத்துல, ராணி மேடுன்னு பேர் வாங்கின ஒரு பெரிய மேட்டுக்குப் பக்கத்துல, டூரின் யூனிவர்சிட்டியோட அலெஸ்ஸாந்த்ரோ மந்தோலேசி டீம் ஒரு சின்னக் கல்லறையைத் திறந்தாங்க. யாரும் தொடாதது, கல் மூடி அப்படியே இருந்துச்சு. உள்ள ரெண்டு கல் திண்ணை. பெரிய திண்ணைல ஒரு எலும்புக்கூடு, கூடவே ஒரு ஈட்டி. சின்ன திண்ணைல எரிச்ச எலும்பு. சுவர்ல அடிச்ச ஆணில ஒரு குட்டி வாசனை எண்ணெய்க் குப்பி இன்னும் தொங்கிட்டு இருந்துச்சு, ரெண்டாயிரத்து அறுநூறு வருஷம், நம்பவே முடியல. நகை, வெண்கலத் தகடு போர்த்தின ஒரு பெட்டி எல்லாம் இருந்துச்சு. உடனே உலகம் பூரா நியூஸ்: ஈட்டியோட எட்ருஸ்கன் இளவரசன் கெடைச்சுட்டார், பக்கத்துல சாம்பலா இருக்கறது அவர் மனைவி, நகைப் பெட்டி அந்தம்மாவோடது.

கொஞ்ச நாள்ல எலும்பு ரிப்போர்ட் வந்துச்சு. ஈட்டியோட கிடந்தது முப்பத்தஞ்சுலேர்ந்து நாப்பது வயசுக்குள்ள இருக்கற ஒரு பொண்ணு. சாம்பல் ஆம்பளையோடது.

இதுல எனக்கு சுவாரசியமா பட்டது தலைகீழா போனது இல்ல, தலைகீழா போனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுங்கறதுதான். ஆம்பளைன்னு நினைச்சப்ப ஈட்டி அவரோட வீரத்துக்கு, பதவிக்கு அடையாளம். பொண்ணுன்னு தெரிஞ்ச உடனே அந்த ஈட்டி ரெண்டு பேரோட பந்தத்துக்கு அடையாளமா இருக்கலாம்னு விளக்கம் மாறிடுச்சு. ஜூடித் வெய்ன்கார்டன்னு ஒரு ஆய்வாளர் உடனே பிடிச்சாங்க, ஏன்யா, ஆம்பளை கையில இருந்தா பதவி, பொம்பளை கையில இருந்தா மட்டும் கல்யாண சின்னமாங்கற மாதிரி. நியாயமான கேள்விதான். அதே சமயம், ஈட்டி இருக்கு அதனால அந்தம்மா போருக்குப் போனாங்கன்னு இன்னொரு பக்கம் இன்டர்நெட்ல எழுதினதையும் என்னால ஏத்துக்க முடியல, அதுவும் அதே ரூலோட மறுபக்கம்தான், பொருளைப் பார்த்து நேரா ஆளோட வாழ்க்கையைப் படிக்கறது. நகைப் பெட்டி கதையும் அப்படித்தான். மனைவியோடதுன்னு சொன்னப்போ அந்த மனைவின்னு நினைச்சது ஒரு ஆணோட சாம்பலை.

ஸ்வீடன்ல பிர்கா ஊர்ல 1878-ல தோண்டின ஒரு வைக்கிங் போர்வீரன் குழி 2017-ல டிஎன்ஏ பார்த்தப்ப பெண்ணாச்சு. ஸ்பெயின்ல யானைத்தந்தத்தோட கெடைச்ச ஒரு பெரிய மனுஷன் 2023-ல பல் எனாமல் புரதத்தை வச்சுப் பார்த்தப்ப பெரிய மனுஷி ஆனாங்க. எட்ருஸ்கன் ஆளுங்க மட்டும் ஏமாந்தாங்கன்னு இல்ல.

திரும்ப செர்வேத்தெரிக்கு. அந்த ராணி கதையோட பழைய வடிவத்துல ஒரு தெளிவான பாகப்பிரிவினை இருக்கும்: தங்கம் எல்லாம் அம்மாவுக்கு, தேரும் கேடயமும் சிம்மாசனமும் அய்யாவுக்கு. ஏன் அப்படி? முன்னறை பொருள் எல்லாம் அங்க கட்டில்ல படுத்திருந்ததா நினைக்கற ஆளோடதுன்னு யார் சொன்னா? உள்ளறை அடைச்ச பிறகு அவங்களுக்குன்னு வெளிய வைக்கக் கூடாதா? இந்த காலகட்டத்துல மத்திய இத்தாலில பணக்காரப் பெண்களோட குழில தேரோ வண்டியோ வைக்கறது அதிசயம் கிடையாது. வெருக்கியோங்கற ஊர்ல இன்னொரு உதாரணம் இருக்கு, மரத்துல செஞ்ச ஒரு சிம்மாசனம் ஈரமண்ணுல மக்காம தப்பிச்சு வந்திருக்கு, அதோட முதுகுப் பலகைல பொண்ணுங்க பெரிய பெரிய தறில துணி நெய்யற காட்சி செதுக்கியிருக்கு, ஆனா அந்த சிம்மாசனம் கெடைச்சது ஆயுதமும் ஹெல்மெட்டும் வச்ச ஒரு ஆணோட குழில. தறி படம் போட்ட நாற்காலில உக்காந்தவர் ஒரு தலைவர். பொருளுக்கும் படத்துக்கும் ஆளுக்கும் நாம நினைக்கற மாதிரி ஒரே நேர்கோடு கிடையாது.

எனக்கு இதைப் பார்க்கும்போது நம்ம ஊர் கல்யாணத்துல மண்டபத்துல பரப்பி வைக்கற சீர்வரிசைதான் தோணும். பித்தளை அண்டாலேர்ந்து பைக் சாவி வரைக்கும் எல்லாம் வரிசையா இருக்கும், பொண்ணு பேர்லதான் வருது, ஆனா எல்லாம் பொண்ணு உபயோகிச்சதோ உபயோகிக்கப் போறதோ இல்ல, வீட்டோட கெத்து ஊருக்குத் தெரியணும்னு வைக்கறது. ரெகோலினி-கலாஸ்ஸில அந்த மெல்லிசு கேடயங்களும், பத்து பேர் சாப்பிடற அண்டாவும், ஒப்பாரி பொம்மைங்களும் அப்படித்தான்னு நான் பாக்கறேன். செத்தவங்க யாருங்கறதை விட புதைச்சவங்க யாரா தெரியணும்னு ஆசைப்பட்டாங்கங்கறதுதான் அதுல பளிச்சுனு இருக்கு. அந்த ஒரு அடி ஊக்கையே எடுத்துக்கோங்க, அதைக் குத்திட்டு ஒருத்தி தண்ணி எடுக்கக் கூட நடந்திருக்க முடியாது. விசேஷத்துக்கு மட்டும் போட்டதா, இல்ல புதைக்கறதுக்குன்னே செஞ்சதான்னு ரெண்டு பக்கமும் பேசறாங்க.

சரி, அந்த எழுத்து. வெள்ளிச் சாமான்ல "லார்தியா"ன்னு வெட்டியிருக்கு, சிலதுல "மி லார்தியா". எட்ருஸ்கன்ல "மி"ன்னா நான். பாத்திரமே பேசற மாதிரி எழுதறது அவங்க வழக்கம். முதல்ல பார்த்தவங்களுக்கு ஒரே குஷி, ராணி பேர் கெடைச்சுடுச்சு, லார்தியா. எட்ருஸ்கன்ல லார்தியாங்கறது நிஜமாவே பெண் பேர்தான், நானூறு ஐநூறு வருஷம் கழிச்சு கியூசி ஊர்ல லார்தியா செயாந்தின்னு ஒரு அம்மாவோட சுடுமண் சவப்பெட்டியே இருக்கு, ஃப்ளோரன்ஸ் மியூசியத்துல. ஆனா ஏழாம் நூற்றாண்டு இலக்கணத்துல லார்த்ங்கற ஆம்பளைப் பேரோட "உடைய" உருபும் லார்தியாதான். அப்போ அந்தக் குவளை சொல்றது "நான் லார்தியா" இல்ல, "நான் லார்த்தோட சொத்து". இன்னைக்கு பெரும்பாலான மொழி ஆளுங்க இந்தப் பக்கம்தான்.

இது சின்ன திருத்தம் மாதிரி தெரியும், ஆனா கேஸையே மாத்திடுது. பொண்ணோட தங்கத்துக்குப் பக்கத்துல ஆம்பளையோட வெள்ளி. அந்த லார்த் புருஷனா, அப்பனா, இல்ல பக்கத்துக் குட்டி அறைல சாம்பலா இருக்கறவரா? எட்ருஸ்கன் பணக்கார வீடுங்க நடுவுல பாத்திரம் பரிசா கை மாறிட்டே இருந்திருக்கு, பேர் வெட்டினது கடைசியா வச்சிருந்தவரா கொடுத்தவரான்னும் தெளிவா சொல்ல முடியாது. நான் சாயறது இந்தப் பக்கம்: அது வீட்டு விருந்துப் பாத்திரம், வீட்டுக்காரர் பேர் போட்டது, அந்தம்மா போகும்போது கூடவே போச்சு. ஏன்னா அந்தம்மா விருந்துல உக்காந்தவங்க.

அங்கதான் கிரேக்கனுங்களுக்கு வயித்தெரிச்சல். தியோபாம்பஸ்னு கிமு நாலாம் நூற்றாண்டு கிரேக்க சரித்திரக்காரர் எழுதினது பின்னாடி வந்த அதேனேயஸ்ங்கற எழுத்தாளர் வழியா நமக்கு வந்திருக்கு, எட்ருஸ்கன் பொம்பளைங்க ஆம்பளைங்களோட சரிசமமா படுத்துக்கிட்டு சாப்பிடறாங்க, யார் கூட வேணா குடிக்கறாங்க, உடற்பயிற்சி பண்றாங்க, பிறக்கற பிள்ளைக்கு அப்பன் யாருன்னு தெரியாதுன்னு ஒரு பெரிய லிஸ்ட். பாதிக்கு மேல வாய்க்கு வந்த வம்பு. ஆனா விருந்துல சேர்ந்து உக்காந்தாங்கங்கறது மட்டும் நிஜம், செர்வேத்தெரிலயே கெடைச்ச தம்பதி சவப்பெட்டில, கிமு 520 வாக்குல செஞ்சது, புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மெத்தைல சாஞ்சுக்கிட்டு சிரிக்கறாங்க, இப்ப ரோம்ல வில்லா ஜூலியா மியூசியத்துல இருக்கு. ரோமன் சரித்திரக்காரர் லிவியும் ஒரு கதை சொல்றார், புருஷனுங்க திடீர்னு வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தா அப்ப ரோமை ஆண்ட எட்ருஸ்கன் வம்ச ராஜா வீட்டு மருமகளுங்க விருந்துல கொட்டம், லுக்ரேஷியாங்கற ரோமன் பொண்டாட்டி மட்டும் ராத்திரி விளக்கடில கம்பளி வேலை பாத்துட்டு இருக்கா, அவதான் உத்தமின்னு. வேடிக்கை என்னன்னா எட்ருஸ்கன் பொண்ணுங்க குழில தக்ளியும் இருக்கும், மதுக் குவளையும் இருக்கும். அவங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல சண்டையே இல்ல. நூல் நூற்கறது ஏழைங்க வேலையும் இல்ல, போலோன்யால தங்கக் கல்லறைன்னு பேர் வச்ச ஒண்ணுல கெடைச்ச வெண்கலத் தகடுல நூற்கறதும் நெய்யறதும் காட்சி காட்சியா இருக்கு, நூற்கறவங்க நல்ல சிம்மாசனத்துல உக்காந்துதான் நூற்கறாங்க. சில குழில தக்ளியை வெண்கலத்துலயும் அம்பர் கோத்தும் செஞ்சு வச்சிருக்காங்க, அதுல தினம் நூல் நூத்திருக்க மாட்டாங்க.

தங்க வேலை பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும், இல்லைன்னா மனசு ஆறாது. அந்த ஊக்குல உருவங்களோட ஓரம் பூரா பொடி மாதிரி தங்க மணி ஒட்டியிருக்கு. ரவையைவிட சின்னது. எட்ருஸ்கன் வேலைல ரொம்ப நுணுக்கமானது ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு கூட வராது. இதை ஒட்ட வைக்க சாதாரண பத்தவைப்புப் பொடி போட்டா உருகி மணிக்கு நடுவுல ஓடி எல்லாம் கட்டியாயிடும். அவங்க செஞ்சது, செம்பு கலந்த ஒரு உப்பையும் ஒரு பசையையும் சேர்த்து மணியை ஒட்டி சூடு பண்றது. பசை கரியாகி அந்த உப்புலேர்ந்து செம்பைப் பிரிச்சு விடும், செம்பும் தங்கமும் தொடற அந்த ஒரு புள்ளில மட்டும் உருகுநிலை இறங்கி ஒட்டிக்கும், மணி மணியாவே நிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரோம்ல காஸ்தெல்லானி குடும்பம்னு பெரிய நகைக்காரங்க இந்தக் கல்லறை தங்கத்தைப் பார்த்துட்டு வருஷக்கணக்கா முயற்சி பண்ணாங்க, பழைய பாணி நகைன்னு ஒரு ஃபேஷனையே உண்டாக்கினாங்க, ஆனா அந்தப் பொடி மணி அளவுக்கு இறங்க முடியல. இருபதாம் நூற்றாண்டுலதான் இந்த செம்பு உப்பு சூட்சுமம் பிடிபட்டுச்சு.

தங்கம் வாங்க காசு எங்கேர்ந்து? செர்வேத்தெரிக்குப் பக்கத்துல தோல்ஃபா மலைல தாதுங்க, வடக்கே எல்பா தீவுல இரும்பு, டஸ்கனி மலைங்கள்ல செம்பு. அதைத் தேடி லெபனான் கரையோர பினீசியனும் கிரேக்கனும் கப்பல்ல வந்தான், பதிலுக்கு வந்ததுதான் இந்தப் பொண்ணுங்க குழில நாம பாக்கற பாதி சாமான். ரெகோலினி-கலாஸ்ஸி வெள்ளிக் கிண்ணங்க பினீசிய பாணி. அம்பர் பால்டிக் கடலோரத்துலேர்ந்து. தார்குவினியால 1895-ல கெடைச்ச ஒரு குழில, அதுவும் நகையை வச்சு பெண்ணோடதுன்னு சொல்றதுதான், பொக்கோரிஸ்ங்கற எகிப்து ராஜா பேர் எழுதின பச்சை நீலப் பளபளப்பு ஜாடி இருந்துச்சு, அந்த ராஜா ஆண்டதே கிமு எட்டாம் நூற்றாண்டு கடைசில ஒரு அஞ்சாறு வருஷம்தான், அதனால தேதி போட ரொம்ப உபயோகமாச்சு. வுல்ச்சிங்கற எட்ருஸ்கன் ஊர்ல 1839-ல திறந்த, எகிப்து தெய்வம் பேர் வச்ச ஐசிஸ் கல்லறைல செதுக்கின தீக்கோழி முட்டைங்க. எகிப்துக்கே போகாத ஒரு அம்மாவோட குழில எகிப்து வாசனை.

பொருள் மட்டும்தான் கடல் தாண்டி வந்துச்சா, ஆளும் வந்தாங்களா? இந்தக் கேள்விக்கும் ஒரு நல்ல குழி இருக்கு. வுல்ச்சில 1958-ல கெடைச்சது, கிமு ஒன்பதாம் நூற்றாண்டு கடைசி, உள்ள சார்டினியாத் தீவுல செஞ்ச ஒரு வெண்கல மனுஷ பொம்மை, குட்டி முக்காலி, குட்டிக் கூடை. சார்டினியாலேர்ந்து கட்டிக் கொடுத்து வந்த பொண்ணுன்னு ரொம்ப பேர் எழுதிட்டாங்க. இருக்கலாம். அந்தப் பொம்மைங்க அவங்க ஊர்ல கோயில் காணிக்கை ரகம், வியாபாரிங்க மூட்டை கட்டி விக்கற சரக்கு இல்ல, அதனால கல்யாணக் கதைக்கு இங்க பலம் ஜாஸ்தி. ஆனாலும் வெளியூர் சாமான் வெளியூர் மருமகள்னு எல்லா இடத்துலயும் போட்டுட முடியாது, அப்படிப் போட்டா ஐசிஸ் கல்லறை அம்மா எகிப்துக்காரி ஆயிடுவாங்க.

கண்ணாடியையும் விட்டுட முடியாது. எட்ருஸ்கன் வெண்கலக் கண்ணாடி ஆயிரக்கணக்குல இருக்கு, ஒரு பக்கம் பளபளன்னு தேய்ச்சது, பின்பக்கம் புராணக் காட்சி கீறினது, உருவங்களுக்குப் பக்கத்துலயே பேரும் எழுதியிருக்கும், படிக்கத் தெரிஞ்சவங்க கையில புழங்கின பொருள்னு அதுலேர்ந்தே தெரியுது. பெரும்பாலும் பெண் குழிலதான், ஆனா ஆம்பளை பேர் வெட்டின கண்ணாடியும் உண்டு. போல்செனா ஏரிப் பக்கம் நாலாம் மூணாம் நூற்றாண்டுல ஒரு வழக்கம் வந்துச்சு, புதைகுழிக்குப் போற பாத்திரத்துலயும் கண்ணாடிலயும் "சுதினா"ன்னு வெட்டறது, கல்லறைக்குன்னு அர்த்தம். சில கண்ணாடில அதை முகம் பாக்கற பளபளப்பு மேலயே ஆழமா வெட்டிட்டாங்க. இனி உயிரோட இருக்கற யாரும் இதைத் திரும்ப எடுத்து முகம் பாக்கக் கூடாது. திருட்டு பயமா, தீட்டா, ரெண்டுமா, தெரியல. ஆனா பொருள் செத்தவங்களுக்குத்தான்னு புதைச்சவங்களே எழுத்துல சொன்ன அபூர்வமான இடம் இது, நாம ஊகிக்க வேண்டியதே இல்ல.

எலும்பும் பொருளும் பேரும் உருவமும் நாலுமே ஒண்ணா கெடைச்ச கேஸ் ஒண்ணை வச்சு இதைச் சரிபார்க்கலாம். 1886-ல கியூசிக்குப் பக்கத்துல கெடைச்ச, செயாந்தி ஹனுனியா த்லெஸ்னாசாங்கற அம்மாவோட சவப்பெட்டி. கிமு 150-140 வாக்கு, இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல. மூடி மேல கலர் பூசின சுடுமண் உருவம், மெத்தைல சாஞ்சு, ஒரு கையில கண்ணாடி, இன்னொரு கையால முக்காட்டை லேசா விலக்கறாங்க, நகை எல்லாம் முழுசா போட்டு. முகத்துல சுருக்கம் கிடையாது. அறைச் சுவர்ல ஆணி அடிச்சு வெள்ளிச் சாமான் தொங்க விட்டிருந்தாங்க, அதுல கண்ணாடியும் இருந்துச்சு, குளிக்கும்போது உடம்புல எண்ணெயை வழிச்சு எடுக்கற ஸ்ட்ரிஜிலும் இருந்துச்சு. ஸ்ட்ரிஜில்னாலே கிரேக்கத்துல விளையாட்டு வீரன் சாமான், அதாவது ஆம்பளை. நல்ல வேளை பேரும் எலும்பும் உள்ள இருந்துச்சு, வெறும் ஸ்ட்ரிஜில் மட்டும் கெடைச்சிருந்தா என்ன எழுதியிருப்பாங்களோ. எலும்பை ஆராய்ஞ்சப்ப சாகும்போது அம்பது வயசுக்கு மேல, சின்ன வயசுல இடுப்புலயும் தாடைலயும் பலமா அடி, குதிரைலேர்ந்து விழுந்திருக்கலாம்னு சொல்றாங்க, ஒரு பக்கம் பல் போய் கஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டிருக்கணும். மூடி மேல இருக்கற அம்மாவுக்கு இடுப்பு வலியும் இல்ல, பல் வலியும் இல்ல. பல்லு பேச்சு வந்ததால ஒண்ணு: எட்ருஸ்கன் குழிங்கள்ல பல்லைச் சுத்தி கட்டின தங்கப் பட்டைங்க கொஞ்சம் கெடைச்சிருக்கு, மார்ஷல் பெக்கர்ங்கற ஆய்வாளர் அளவை எல்லாம் பார்த்துட்டு அதுங்க பொண்ணுங்களோடதுன்னு வாதாடறார், வைத்தியத்துக்குன்னு மட்டும் இல்ல, சிரிச்சா தங்கம் தெரியணும்னும்தானாம்.

செயாந்தியம்மா குழில பொருளும் உருவமும் ஒரே கதை சொல்லுது, எலும்பு வேற கதை சொல்லுது. ரெகோலினி-கலாஸ்ஸில நமக்கு மிச்சம் இருக்கறது அந்த முதல் கதை மட்டும். அதனால என் தீர்ப்பு இப்படித்தான் நிக்கும். உள்ளறைல ஒரு பெண், இதுக்கு நல்ல வாய்ப்பு, ஆனா நிரூபணம் கிடையாது. அவங்க பேர் லார்தியாங்கறதை விட்டுடணும். ராணிங்கற பட்டத்தையும் விட்டுடலாம், செர்வேத்தெரில அந்த காலத்துல ராஜா பதவி எப்படி நடந்துச்சுன்னு சொல்ல ஒரு வரி எழுத்தும் இல்லாம பட்டம் கட்ட முடியாது. தேரையும் கேடயத்தையும் சிம்மாசனத்தையும் ஆம்பளை கணக்குல எழுதினதை ரத்து பண்ணி, யாரோடதுன்னு தெரியாத பொதுக் கணக்குல வைக்கணும், தார்குவினியா ஈட்டிக்கும் அதே கணக்குதான். வெள்ளி மட்டும் லார்த் பேர்ல இருக்கட்டும், அவர்தான் எழுதி வாங்கியிருக்கார்.